கிளென்கோவில் ஏன் யாருமே இல்லை?

கேள்வி இது: “ஸ்காட்லாந்தில் ‘கிளென்’ என்கிறார்களே, அது பள்ளத்தாக்குதானா, வேறு ஏதாவதா? கிளென்கோ என்ற இடத்தின் காணொளி ஒன்று பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுத்த மலை, நடுவில் ஒரு சாலை, அவ்வளவுதான். வீடு இல்லை, வயல் இல்லை, மரம்கூட இல்லை. இவ்வளவு பெரிய இடத்தை எதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்? அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போகிறேன், எதைப் பார்க்க வேண்டும்?”

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1692 பிப்ரவரியில் அரசாங்கப் படை இந்தப் பள்ளத்தாக்கைச் சூறையாடிவிட்டுத் திரும்பியபோது, சுமார் 900 மாடுகளையும் 200 குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். ஆடுகள் தனிக் கணக்கு. நீங்கள் காணொளியில் பார்த்த அதே மலைகளுக்கு நடுவேதான் அத்தனையும் மேய்ந்தன. சில நூறு பேர் வீடு கட்டி வாழ்ந்தார்கள். கிளென்கோ ஆதியிலிருந்தே ஆளில்லாமல் இருந்த இடம் என்று அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் கிளாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் முதல் இரண்டு முறை போனபோது அப்படித்தான் நினைத்தேன். அது ஆள் இருந்து காலியான இடம்.

சரி, முதலில் சொல். ‘கிளென்’ என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கின் ‘கிளியான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. குறுகி, ஆழமாக, இரு பக்கமும் செங்குத்தாக மலை நிற்கும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பெயர். அகலமாக, தட்டையாக, ஆற்றோரம் உழவுக்கு நிலம் உள்ள பள்ளத்தாக்கு என்றால் ‘ஸ்ட்ராத்’. ஸ்காட்லாந்து வரைபடத்தில் இந்த இரண்டு சொற்களையும் பார்த்தாலே எங்கே விளைச்சல் இருந்திருக்கும், எங்கே மாடு மட்டும் இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

கிளென்கோ கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நீளம் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. கிளாஸ்கோவிலிருந்து ஏ82 சாலையில் வடக்கே வந்தால் முதலில் ரானாக் மூர் என்ற பெரிய சதுப்பு மேட்டுநிலம் வரும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குட்டையும் கருஞ்சேறும் பாறையும்தான். அது முடியும் இடத்தில் கூம்பு மாதிரி ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும். புவாக்கில் எடிவ் மோர் என்று பெயர், 1,021 மீட்டர். அதைத் தாண்டியதும் சாலை சரசரவென்று கீழே இறங்கும். இடப்பக்கம் ‘மூன்று சகோதரிகள்’ என்று சொல்லும் மூன்று மொட்டை முனைகள், அவற்றுக்குப் பின்னால் பாதி நாள் மேகத்தில் ஒளிந்திருக்கும் பீஜன் நம் பியன் சிகரம், 1,150 மீட்டர். வலப்பக்கம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்ட ஒரே நீளச் சுவர். அதன் பெயர் ஊனக் ஏகக். கேலிக்கில் அதற்கு ‘வெட்டுவெட்டான மலைமுதுகு’ என்றே பொருள். கீழே கோ ஆறு, ஆழமில்லாத ஒரு சிறு ஏரி, அப்புறம் மரங்கள், கிளென்கோ கிராமம், கடைசியில் கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் லோக் லீவன். இருபது நிமிடத்தில் காரில் கடந்துவிடலாம். கடந்தும் விடுகிறார்கள்.

1,150 மீட்டர் என்பது மலை உயரத்தில் பெரிய எண் இல்லை. ஆனால் இங்கே அடிவாரம் ஏறக்குறைய கடல்மட்டத்தில் இருக்கிறது. சாலையோரம் நின்றால் முழு உயரமும் ஒரே வீச்சில் தலைக்கு மேல் நிற்கும். படத்தில் பார்ப்பதைவிட நேரில் பயமுறுத்துவது அதனால்தான்.

இந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்தது கோ ஆறு என்று நினைத்தால் அந்த ஆற்றைப் பார்த்ததும் சிரிப்பு வரும். அவ்வளவு சின்ன ஆறு. குடைந்தது பனிக்கட்டி. ரானாக் மூர் மீது பல நூறு மீட்டர் தடிமனுக்குப் பனி சேர்ந்து, வழி கிடைத்த பக்கமெல்லாம் வழிந்து இறங்கியது. அதில் ஒரு வழி கிளென்கோ. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு ஆங்கில ‘வி’ எழுத்து போல இருக்கும். பனியாறு அறுத்தது அடிப்பாகம் அகன்று ‘யு’ போல இருக்கும். மூன்று சகோதரிகளின் மூக்கு வெட்டுப்பட்டிருப்பதும் அந்தப் பனியாற்றின் வேலைதான். அவர்களுக்கு இடையே உள்ள பக்கப் பள்ளத்தாக்குகள் பாதி உயரத்தில் அப்படியே தொங்கி நிற்கின்றன, அங்கிருந்து ஓடைகள் அருவியாக விழுகின்றன. கடைசிப் பனியாறு இங்கிருந்து கரைந்து போய் ஏறத்தாழ 11,500 ஆண்டுகள்தான் ஆகின்றன.

பாறையின் கதை அதைவிட மிகப் பழையது. சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரும் எரிமலை இருந்தது. உள்ளே இருந்த பாறைக்குழம்பு வெளியே வந்து காலியானதும், மேலே இருந்த நிலம் வட்டமான பிளவு ஒன்றின் வழியாகக் கீழே இறங்கிவிட்டது. அடியில் சோறு தீர்ந்த பானைக்குள் மூடி விழுந்த மாதிரி. இது ஒரே தடவையில் நடக்கவில்லை, துண்டு துண்டாகப் பல முறை இறங்கியிருக்கிறது. கிளஃப், மாஃப், பெய்லி என்ற மூன்று புவியியலாளர்கள் 1909-இல் இதை விளக்கி எழுதினார்கள். பழங்கால எரிமலை இப்படி உள்ளே சரிந்ததை உலகில் முதலில் அடையாளம் கண்டது இங்கேதான். இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் மழைக்கோட்டும் சுத்தியலுமாக வந்து நிற்பதைப் பார்க்கலாம். அதுவும் இந்தக் கிளென்னின் ஒரு பயன்பாடுதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாறையும் மழையும் சேர்ந்தால் நல்ல மண் கிடைக்காது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்த மலைகளில்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீர் வடியாத இடத்தில் செடி மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து ‘பீட்’ என்ற கரிய சேறாகிவிடும். வெட்டிக் காயவைத்தால் நன்றாக எரியும், பயிருக்கு ஆகாது. ஓட்ஸும் பார்லியும் போட முடிந்தது ஆற்றங்கரையில் சில துண்டு நிலத்திலும், கடலோரத்திலும் மட்டும். அப்படியானால் சில நூறு பேர் எதை வைத்துப் பிழைத்தார்கள்? மாடு. கறுப்பு நிறத்தில், உருவத்தில் சிறியதாக, குளிரைத் தாங்கும் மலைமாடு. வாடகை கட்டுவதும் சீர் கொடுப்பதும் மாட்டில்தான். பகையென்று வந்தால் கவர்ந்துகொண்டு போவதும் மாட்டைத்தான். இலையுதிர் காலத்தில் மேற்குத் தீவுகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் மாட்டு வியாபாரிகள் மந்தை மந்தையாகத் தெற்கே ஃபால்கர்க் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். புவாக்கில் மலைக்கு எதிரே இன்றும் இருக்கும் கிங்ஸ்ஹவுஸ் விடுதிப் பக்கம் அந்தப் பாதை போனது.

ஊர்ப்பெயர்களே சாட்சி சொல்கின்றன. ‘புவாக்கில்’ என்றால் மாட்டிடையன். ‘புவாக்கில் எடிவ் மோர்’ என்றால் எடிவ் பள்ளத்தாக்கின் பெரிய இடையன். பக்கத்திலேயே சின்ன இடையனும் இருக்கிறான். இன்று மலையேறிகளின் கைப்பேசி முகப்பில் இருக்கும் மலைக்கு, அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் தங்கள் வேலையைத்தான் குறிக்கிறது.

மே மாதம் வந்ததும் பெண்களும் பிள்ளைகளும் மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே உள்ள மேய்ச்சலுக்குப் போய்விடுவார்கள். கீழே பயிர் இருக்கும் நேரத்தில் மாடு அங்கே இருக்கக் கூடாது இல்லையா? மேலே புல்கட்டியாலும் கல்லாலும் சின்னச் சின்னக் குடில்கள். அங்கேயே பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து, கோடை முடியும்போது இறங்குவார்கள். அந்தக் குடில்களை ஆங்கிலத்தில் ‘ஷீலிங்’ என்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிளென்களில் இன்றும் அவற்றின் அடையாளம் தெரியும்.

அப்புறம் ஒளித்து வைக்கும் இடம். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று சகோதரிகளில் இரண்டு பேருக்கு நடுவே மேலே ஏறினால் கோரி கேல் என்ற மறைவான பள்ளம் இருக்கிறது. பெயருக்குப் பொருள் ‘கைப்பற்றியதன் பள்ளம்’, அதாவது கொள்ளை மாட்டைப் பதுக்கும் இடம். சாலையில் நின்று பார்த்தால் அப்படியொரு இடம் இருப்பதற்கான சுவடே தெரியாது. கோ ஆற்றின் மேல் ஒரு நடைபாலத்தைத் தாண்டி, வேரையும் பாறையையும் பிடித்து முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். வழியில் வீடு அளவுக்குப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். பக்கத்து மலைச்சுவர் ஒரு காலத்தில் இடிந்து விழுந்து வாயை அடைத்துவிட்டது. ஓடையின் சத்தம் காலடியில் கேட்கும், தண்ணீர் மட்டும் கண்ணில் படாது, பாறைக்கு அடியில் போய்விடுகிறது. பாறைக் குவியலின் தலைக்கு ஏறியதும் எதிரே கால்பந்து மைதானம் போலச் சமதளம். இடிந்த பாறை அணைபோட்டுவிட, பின்னால் ஓடை கொண்டுவந்த சரளையெல்லாம் படிந்து சமமாகிவிட்டது. சுற்றிலும் மலை, ஒரே வாசல். இதற்குள் எப்படி மாட்டை ஏற்றினார்கள் என்பதை நினைத்துக்கொண்டே நான் மூச்சிரைத்தபடி அங்கே உட்கார்ந்திருந்தேன்.

இனி 1692. ஸ்காட்லாந்து வரலாற்றில் கிளென்கோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மூன்றாம் வில்லியம் மன்னர் தமக்கு எதிராக இருந்த மலைக்குலத் தலைவர்கள் 1692 ஜனவரி 1-க்குள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தார். கிளென்கோவின் மெக்டொனால்டு குலத் தலைவர் மெக்இயன் கடைசி நாளில் ஃபோர்ட் வில்லியம் போனார். அங்கிருந்த கர்னல் ‘எனக்கு அதிகாரம் இல்லை, இன்வெரரே போங்கள்’ என்று அனுப்பிவிட்டார். கொட்டும் பனியில் நடந்து போய்ச் சேர்ந்து, பிரமாணம் எடுத்தபோது ஜனவரி 6 ஆகிவிட்டது. தலைநகரில் இருந்த மந்திரி ஜான் டால்ரிம்பிளுக்கு அந்தத் தாமதமே போதுமானதாக இருந்தது. ராபர்ட் கேம்பல் என்ற கேப்டனின் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் வந்து, கிளென்கோ மக்களின் வீடுகளிலேயே விருந்தாளிகளாகத் தங்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஒரே அடுப்பில் சாப்பாடு, ஒன்றாகச் சீட்டாட்டம். பிப்ரவரி 13 விடியற்காலையில் எழுந்து, தங்கிய வீட்டுக்காரர்களைக் கொன்றார்கள். வழக்கமாகச் சொல்லும் எண் 38. வீடுகள் எரிக்கப்பட்டன. தப்பி மலையேறியவர்களில் பலர் பனிப்புயலில் மடிந்தார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ‘நம்பிக்கைக்குள் இருந்து செய்த கொலை’ சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றம். 1695-இல் விசாரணையும் நடந்தது. பெரிதாக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இதைக் கேம்பல், மெக்டொனால்டு குலங்களின் பகை என்று சுருக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். உத்தரவு அரசாங்கத்திடமிருந்து வந்தது. ஆனால் மாட்டுக் கணக்கும் அதில் இருக்கிறது. 1689-இல் கிளென்கோக்காரர்கள் கேப்டன் கேம்பலின் சொந்தக் கிளென்லயன் பள்ளத்தாக்கைக் கொள்ளையடித்து, மனிதரை ஓட்டாண்டி ஆக்கியிருந்தார்கள். கிளென்னுக்குள் இருக்கும் கிளாக்கெய்க் விடுதியின் வரவேற்பில் இன்றும் ‘கூவி விற்போருக்கும் கேம்பல்களுக்கும் அனுமதி இல்லை’ என்று பலகை தொங்குகிறது. வேடிக்கைக்குத்தான். கேம்பல் என்ற பெயருள்ளவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிறார்கள்.

2023-இல் பக்கக் கிளென் ஒன்றில், மெக்இயனின் கோடை வீடு என்று கருதப்படும் இடத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். அடுப்படிக் கல்லுக்குக் கீழே ஒரு சின்னப் பானை, அதை ஒரு கூழாங்கல் மூடியிருந்தது. உள்ளே 36 நாணயங்கள். முதலாம் எலிசபெத் ராணி காலத்தது தொடங்கி 1680-கள் வரை. அதற்குப் பிந்தைய நாணயம் ஒன்றுகூட இல்லை. படுகொலைக்கு முன்போ அந்தக் காலையிலோ புதைத்தவர் திரும்ப வந்து எடுக்க முடியவில்லை போலும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே வீட்டில் நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து மண்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. கடலோரத்தில் கப்பல் வந்து நிற்கும் ஊர்தானே. மலைக்குள் தனித்துக் கிடந்த காட்டுக் கூட்டம் என்ற படம் இந்த ஓட்டுத் துண்டுகளில் நொறுங்கிவிடுகிறது.

படுகொலையோடு கிளென் காலியாகவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தப்பியவர்கள் திரும்பி வந்து மறுபடி வீடு கட்டினார்கள். காலியாக்கியது ஆடு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளிக்கு நல்ல விலை கிடைக்க, மலை நிலப் பிரபுக்களுக்கு ஒரு கணக்குப் புரிந்தது. பத்துக் குடும்பம் தரும் குத்தகையைவிட ஒரே ஆட்டுப்பண்ணைக்காரர் அதிகம் தருவார். குடியானவர்கள் மெல்ல மெல்லக் கடலோரத்துக்கும் நகரத்துக்கும் கப்பலேறிக் கனடாவுக்கும் போனார்கள். கோடைக் குடில்கள் இடிந்தன. ஆட்டுக்குப் பிறகு விக்டோரியா காலத்தில் மான் வேட்டை மோகம் வந்தது. பணக்காரர்களுக்குக் கொம்புள்ள செம்மான் வேண்டும், மானுக்கு ஆளில்லாத மலை வேண்டும்.

மரம் ஏன் இல்லை என்று கேட்டீர்களே, பதில் இங்கேதான். ஆடும் மானும் முளைக்கிற கன்றையெல்லாம் கடித்துவிடுகின்றன. நம்பாவிட்டால் அங்கே ஒரு நிமிடம் நின்று, ஓடை குடைந்த செங்குத்தான இடுக்குகளைப் பாருங்கள். பிர்ச்சும் ரோவனும் அடர்ந்து நிற்கும், சிவப்புப் பழம் குலை குலையாக. நாலு கால் வைக்க முடியாத இடத்தில் மரம், வைக்க முடிகிற இடத்தில் வெறும் புல். மண்ணும் மழையும் ஒன்றுதான், பல் மட்டும்தான் வித்தியாசம்.

கீழ் முனையில் கதை வேறு. கிராமத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் பலாகுலிஷ். எரிமலைப் பாறை அங்கே கிடையாது, அதற்கும் பழைய சிலேட்டுப் பாறை. 1693-இல், படுகொலைக்கு மறு ஆண்டே, அங்கே சிலேட்டு வெட்டத் தொடங்கினார்கள். 1955 வரை அந்தக் குவாரி நடந்தது. ஸ்காட்லாந்து நகரங்களின் கூரைகளில் ஏராளமானவை இந்தக் கல். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கருநீலத் தகடு, அதில் கடுகளவு தங்கச் சதுரங்கள் பதிந்து மின்னும். தங்கம் இல்லை, இரும்புக் கந்தகம். மழையில் அது துருப்பிடித்துக் கழன்று விழுந்தால் அந்த இடத்தில் சதுரமான ஓட்டை. கூரை வேய்பவர்களுக்குத் தலைவலி, கல் பொறுக்குகிற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இந்தக் குவாரியில் 1902-இல் நிர்வாகம் தொழிலாளர்களின் மருத்துவர் லக்லன் கிராண்டை நீக்கியது. தொழிலாளர்கள் அவர் பக்கம் நிற்க, ஒரு ஆண்டுக்கும் மேல் கதவடைப்பு. கடைசியில் மருத்துவர் நிலைத்தார். பின்னாளில் மலைப்பகுதி மக்களுக்கு அரசுச் செலவில் மருத்துவம் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1913-இல் அப்படி ஒரு திட்டம் வந்தது, இன்றைய பிரிட்டிஷ் பொது மருத்துவத்துக்கு முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

கிராமத்துக்குப் பின்னால் உள்ள சின்ன ஏரியைச் சுற்றி அடர்ந்த ஊசியிலைக் காடு ஒன்று இருக்கும். அது ஸ்காட்லாந்து மாதிரியே இருக்காது. காரணம், அது கனடா. ஹட்சன் விரிகுடா கம்பெனியில் சம்பாதித்துப் பெரும் செல்வரான டொனால்டு ஸ்மித், அதாவது ஸ்ட்ராத்கோனா பிரபு, 1890-களில் கிளென்கோ நிலப்பண்ணையை வாங்கினார். மனைவி இசபெல்லாவுக்குக் கனடாவை விட்டு வந்த ஏக்கம். அவருக்காக ஏரி வெட்டி, வட அமெரிக்க மரங்களை நட்டுப் பார்த்தார். அம்மாளின் ஏக்கம் தீரவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். மரங்கள் மட்டும் இங்கேயே வளர்ந்துவிட்டன. எளிதான, சமமான பாதை. வயதானவர்களை அழைத்துப் போனால் இங்கே போங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஊனக் ஏகக் சுவருக்கு அந்தப் பக்கம் கின்லாக்லீவன் என்ற ஊர். மேலே அணைகட்டித் தண்ணீரைத் தேக்கி, குழாயில் இறக்கி, மின்சாரம் எடுத்து, அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்றை 1909-இல் தொடங்கினார்கள். எரிமலைக் கட்டுரை வந்த அதே ஆண்டு. அலுமினியத்துக்கு மின்சாரம்தான் முக்கியக் கச்சாப்பொருள் மாதிரி. ஆகவே மூலப்பொருளைக் கப்பலில் இங்கே கொண்டுவருவது லாபம். பிளாக்வாட்டர் அணை ஏறக்குறைய 900 மீட்டர் நீளம். மண்வெட்டியும் கைத்துளைப்பானுமாக, அயர்லாந்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த கூலியாட்கள் நான்கு ஆண்டில் கட்டினார்கள். அணைக்கருகே சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சிமெண்டில் வார்த்த குட்டிக் கற்கள், அவற்றில் ஒன்றில் பெயருக்குப் பதில் ‘தெரியாது’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. வேலை முடிந்து மலை தாண்டி கிங்ஸ்ஹவுஸுக்குக் குடிக்கப் போய், திரும்புகையில் பனியில் விழுந்து, கோடையில் கிடைத்தவர்களும் உண்டாம். ஆலை 2000-இல் மூடப்பட்டது. நீர்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. அதே தண்ணீர் ஆசை விட்டபாடில்லை: 2019-இல் பக்கத்து எடிவ் கிளென்னில் ஏழு சிறு நீர்மின் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தபோது மலையேறிகள் பெரிதாக எதிர்த்தார்கள்.

மலையேறிகளைச் சொன்னதும், இன்றைய கிளென்கோ யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1935-இல் பண்ணை ஏலத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்து மலையேறிகள் சங்கத்தின் பெர்சி உன்னா என்ற பொறியாளர் சக மலையேறிகளிடம் பணம் திரட்டி, ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை இதை வாங்க வழிசெய்தார். 1937-இல் பக்கத்து நிலமும் சேர்ந்தது. பணத்தோடு சில நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்தார்: புதிய பாதை வேண்டாம், வழிகாட்டிப் பலகை வேண்டாம், தங்கும் குடில் வேண்டாம், மலையை ஏறுவதற்கு எளிதாகவோ பாதுகாப்பாகவோ மாற்ற வேண்டாம், ஆதி நிலையிலேயே இருக்கட்டும். 1950-இல் அவரே தனியாக மலையில் நடந்தபோது இறந்துபோனார்.

எனக்கு உன்னாமீது பெரிய மரியாதை உண்டு. அவர் இல்லாவிட்டால் சாலை நெடுக விடுதிகள் வந்திருக்கும். ஆனால் ‘ஆதி நிலை’ என்ற சொல்தான் இடறுகிறது. அவர் காப்பாற்றியது 1937-இல் இருந்த நிலையை. ஆடும் மானும் மொட்டையாக்கி, மனிதர்களை அனுப்பிவிட்டபின் மிஞ்சிய நிலையை. அறக்கட்டளைக்கும் இது தெரியாமல் இல்லை. மான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள், சில இடங்களில் மரம் திரும்பி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பார்வையாளர் மையத்தில் 17-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றைப் பழைய முறையிலேயே கட்டி வைத்தார்கள்: கூடை முடைவது போல மிலாறு பின்னிய சுவர், வெளியே புல்கட்டி அடுக்கு, மேலே ஹெதர் என்ற புதர்ச்செடியால் வேய்ந்த கூரை. இப்படிக் கட்டிய வீடு ஆள் போனால் சில பத்தாண்டில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஊரே இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். 914 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளுக்கு ‘மன்ரோ’ என்று பெயர். மொத்தம் 282. அத்தனையையும் ஏறி முடிப்பது சிலருக்கு வாழ்நாள் வேலை, இங்கே வரிசையாகப் பல கிடைக்கும். 154 கிலோமீட்டர் நீளமுள்ள வெஸ்ட் ஹைலண்ட் வே நடைபாதை, 18-ஆம் நூற்றாண்டில் படைக்காகப் போட்ட ‘சாத்தான் படிக்கட்டு’ வழியாக 550 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. 1956 முதல் கிழக்கு முனையில் பனிச்சறுக்கு நடக்கிறது. குளிர்காலத்தில் உறைந்த அருவிகளில் பனிக்கோடரியோடு தொங்குபவர்கள் வருவார்கள். விழுந்தால் தூக்கி வர ஊர்க்காரர்களின் மீட்புக் குழு இருக்கிறது. 1961-இல் ஹேமிஷ் மெக்இன்னஸ் தொடங்கியது. முழுவதும் உலோகத்தாலான பனிக்கோடரியையும், மடித்து முதுகில் சுமக்கும் தூக்குப்படுக்கையையும் வடிவமைத்தவர் அவர். குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

நீங்கள் போவதைப் பற்றி. ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ‘மிட்ஜ்’ என்ற பொடிப்பூச்சி கூட்டமாக மொய்க்கும். காற்று அடித்தால் இருக்காது, காற்று நின்ற மறு நிமிடம் காது, புருவம், மூக்கு எதையும் விடாது. நான் ஒரு ஆகஸ்ட் மாலையில் கோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து பிரட்டைப் பிரித்தேன், சாப்பிடாமலே காருக்கு ஓடினேன். குளிர்காலத்தில் பனி ஏறிப் பழக்கம் இல்லாவிட்டால் மேலே போகாதீர்கள். பனிச்சரிவு எச்சரிக்கை கிளென்கோவுக்கென்றே தனியாக வெளியாகும். மற்றபடி யார் நிலமானாலும் ஒழுங்காக நடந்து போகவும், கூடாரம் போட்டுத் தங்கவும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பக்கத்து வேட்டைப் பண்ணைகளில் மட்டும் அன்றைக்குத் துப்பாக்கி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோ பேருந்து கிளென்கோ கிராமத்தில் நிற்கும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையில் கோரி கேல், மதியம் பார்வையாளர் மையமும் அந்தப் புல்வீடும், மாலை பலாகுலிஷ் குவாரி. கார் நிறுத்துமிடத்திலிருந்து மூன்று சகோதரிகளைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எந்தப் பாதையில் போனாலும் பழுப்புப் பெரணிக்கு நடுவே ஒரு துண்டு நிலம் மட்டும் பளிச்சென்று பச்சையாக இருந்தால் அங்கே போய் நில்லுங்கள். பல தலைமுறை மாட்டுச்சாணம் ஏறிய மண் அது. பச்சையின் ஓரத்தில் காலால் தடவிப் பார்த்தால், வரிசையாகக் கல் தட்டுப்படும்.